முதியோர் இல்லத்தில் இரைச்சலைக் குறைப்பது: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது

யாழ்ப்பாணத்தில் முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கும், அங்கே பராமரிப்பு வேலை பார்ப்பவர்களுக்கும், வெளிநாட்டில் காசு சேர்த்து இல்லத்துக்கு மண்டபம் கட்டிக் கொடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீட்டில் அப்பா அம்மாவை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

"சத்தம் தாங்கேலாது, ஏதாவது செய்யுங்கோ" என்று யாராவது சொன்னதும் முதல் வேலையாகச் சுவரில் ஸ்பொஞ் ஒட்டப் போகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் காது, அப்புறம் சத்தம் பிறக்கும் இடம், அதன் பிறகு அது நுழையும் இடைவெளி, எல்லாம் முடிந்த பிறகுதான் மண்டபத்தின் முழக்கம், அதாவது சத்தம் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பத் திரும்ப எதிரொலிப்பது. முதல் இரண்டுக்கும் செலவு மிகக் குறைவு. அவற்றைச் செய்து முடித்தால் கடைசி வேலைக்கு வாங்கும் பொருளும் குறையலாம்.

1. தொடங்கும் முன்

ஒரு கொப்பி, அளவுநாடா, சத்தம் அளக்கும் செயலி உள்ள கைத்தொலைபேசி, இவ்வளவும் போதும். ஐபோன் இருந்தால் அமெரிக்காவின் வேலையிடச் சுகாதார நிறுவனமான நயோஷ் வெளியிட்ட இலவசச் செயலி இருக்கிறது. அன்ட்ரொயிட்டில் போனுக்குப் போன் அளவு மாறும். அதனால் எண்ணை அப்படியே நம்பாமல், ஒரே போனை, ஒரே இடத்தில், கட்டிலில் படுத்திருப்பவரின் காது உயரத்தில் வைத்து அளந்து, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். போனின் உறையைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். உறை மைக்கை மூடினால் அளவு குறைவாகக் காட்டும்.

ஒரு முழு நாள், இரவும் பகலும், மணிக்கு ஒரு தரம் கொப்பியில் எழுதுங்கள்: நேரம், என்ன சத்தம், சராசரி எவ்வளவு, உச்சம் எவ்வளவு, யாருக்குத் தொல்லை. பகல் ஆட்கள் எழுதும் பட்டியலுக்கும் இரவு ஆட்கள் எழுதுவதற்கும் சம்பந்தமே இருக்காது. அலுவலக அறையில் இருந்துகொண்டு நினைவிலிருந்து எழுதும் பட்டியலில் வீதிதான் முதலில் வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதினால் குசினியும் கதவும் வரும்.

பட்டியலில் இன்னொரு நிரலும் வேண்டும்: அந்தச் சத்தம் அவர்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா. கோயில் மணி, மாதா கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, காலையில் வானொலியில் தேவாரம், பாண் வண்டியின் பாட்டு, இவை பலருக்கு நேரம் காட்டுபவை. கண்பார்வை குறைந்த ஒரு ஆச்சிக்கு அதுதான் மணிக்கூடு. நாம் குறைக்கப் போவது இரைச்சலை. இல்லத்தை ஊமையாக்கினால் அதுவும் ஒரு தொல்லைதான்.

மண்டபத்தின் முழக்கத்தைப் பார்க்கப் பலூனை உடைக்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. இங்கே அது வேண்டாம். ஷெல்லடிக்குள் இருந்து வந்தவர்கள் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார்கள். மண்டபம் காலியாக இருக்கும்போது ஒரு தரம் பலமாகக் கைதட்டி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கேட்டால் போதும்.

எவ்வளவுக்குக் குறைய வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டல், நோயாளர் படுக்கும் அறைக்குள் சராசரி 30 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு), இரவில் உச்சம் 40 டெசிபெல் என்கிறது. யன்னல் திறந்து மின்விசிறி சுற்றும் நம் அறைகளில் 30 வராது. விசிறியே அதைத் தாண்டிவிடும். அதனால் இரவில் உச்சத்தை மட்டும் குறிவையுங்கள். நித்திரையைக் குலைப்பது விசிறியின் ஒரே மாதிரியான இரைச்சல் அல்ல, அதற்குள் திடீரென்று வரும் கதவடியும் பாத்திரச் சத்தமும்தான்.

2. முதலில் காதைப் பாருங்கள்

பாதிச் சத்தத்துக்குக் காரணம் கேளாமை. ஒருவருக்குக் கேட்காது, ரிவியைக் கூட்டுவார். மற்றவர் அதற்கு மேலே கத்திக் கதைப்பார். பராமரிக்கும் பிள்ளை அதற்கும் மேலே கத்தும். இந்தச் சங்கிலியை எந்த ஸ்பொஞ்சும் அறுக்காது.

முதலில் எல்லாருடைய காதிலும் குறும்பி அடைத்திருக்கிறதா என்று ஒரு தாதியிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். ஊக்கு, பஞ்சுக்குச்சி போட்டுக் கிண்டக் கூடாது. குறும்பி உள்ளுக்குத்தான் போகும். அதற்குப் பிறகும் கேட்காவிட்டால் யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பலாம்.

காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களில் பலர் அதை அலுமாரிக்குள்தான் வைத்திருக்கிறார்கள். "போட்டால் இரைச்சல்தான் கேக்குது" என்பார்கள். சொல்வது உண்மை. கருவி பேச்சையும் கூட்டும், தட்டுச் சத்தத்தையும் கூட்டும். சுற்றியுள்ள இரைச்சல் குறையும்வரை அவர் அதைப் போட மாட்டார் என்று எழுதி வையுங்கள். மற்ற வேலைகள் முடிந்ததும் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கருவி கீச்சென்று ஊளையிட்டால் பெரும்பாலும் அது காதில் சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி இருக்கிறது. பற்றரியின் ஒட்டுத்தாளை உரித்ததுமே அது வேலை செய்யத் தொடங்கிவிடும், கருவியை அணைத்து வைத்தாலும் தேயும். ஆகவே மொத்தமாக உரித்து வைக்காதீர்கள்.

கத்திப் பேசுவது உதவாது. வயதோடு முதலில் போவது உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் "காசு" என்றால் "காது" என்று விளங்கும். கத்தும்போது ஆ, ஓ போன்ற உயிரொலிகள்தான் பெருக்கும், மெய்யொலிகள் அப்படியே கிடக்கும். முன்னுக்குப் போய், அவர் முகத்தின் மட்டத்துக்குக் குனிந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ நின்று, "ஐயா, மருந்து குடிச்சியளோ?" என்று ஆறுதலாகக் கேளுங்கள். விறாந்தையின் அந்த அந்தத்திலிருந்து கூப்பிடுவதை நிறுத்தினாலே இல்லம் அரைவாசி அடங்கும்.

3. சத்தம் பிறக்கும் இடத்தில் கை வையுங்கள்

கொப்பியில் அடிக்கடி வந்தவற்றை முதலில் எடுங்கள். எந்த இல்லத்திலும் வழக்கமாக இருப்பவை இவை.

கதிரை இழுபடும் சத்தம். ரைல்ஸ் தரையில் இரும்புக் கதிரை இழுபடுவதுதான் சாப்பாட்டு நேரத்தின் மிக மோசமான சத்தம், காரணம் அது உயர் சுருதியில் கீறும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் காலில் மாட்டுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பக்கவாட்டில் மட்டும் மாட்டினால் பிரயோசனமில்லை. தரையில் படுவது காலின் அடி. ரியூப்பை அடியில் மடித்து மேலே இழுத்துக் கட்ட வேண்டும். கடையில் விற்கும் ஊன்றுகோல் றப்பர் இன்னும் திறம்.

ஒரு எச்சரிக்கை. றப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும். கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பும் பழக்கமுள்ளவரின் கதிரை நகராமல் அப்படியே பின்னால் சரியலாம். றப்பர் போட்ட முதல் கிழமை ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கம்பளித் துண்டு ஒட்டினால் கதிரை வழுக்கி நகரும், சத்தமும் வராது; ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் தரையில் அது ஊறிக் கழன்றுவிடும். எது சரி என்பதைத் தரையை எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

பாத்திரம். சில்வர் கோப்பையும் பேணியும் கழுவும் தொட்டிக்குள் விழும் சத்தம் குசினிக்கு அடுத்த அறையில் படுத்திருப்பவருக்குத் தலையில் அடிப்பது போல இருக்கும். தொட்டியின் அடியில் துளையுள்ள றப்பர் விரிப்பைப் போடுங்கள். விடிய 5 மணிக்குக் கழுவுவதை 7 மணிக்குத் தள்ளிப்போட முடியுமா என்று குசினி ஆட்களிடமே கேளுங்கள். இரவில் கழுவி அடுக்கி வைக்கலாம் என்ற பதில் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும்.

தண்ணீர் மோட்டர். கிணற்றடி மோட்டரின் இரைச்சல் காற்றில் வருவதைவிடக் குழாய் வழியாகச் சுவருக்குள் ஏறி வருவதுதான் அதிகம். மோட்டருக்குக் கீழே தடித்த றப்பர், மோட்டருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு முழம் வளையும் குழாய், சுவரில் குழாயைப் பிடிக்கும் கிளிப்புக்குள் றப்பர்த் துண்டு. மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் அதிர்வு அந்த வழியாக ஏறிவிடும்.

ஜெனறேற்றர். தூரம்தான் மலிவான மருந்து. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தரமும் சத்தம் 6 டெசிபெல் குறையும்: 3 மீற்றரில் இருந்ததை 12 மீற்றருக்குக் கொண்டுபோனால் 12 டெசிபெல். காற்றின் போக்கில் சத்தம் கூடுதலாகப் பரவும் என்பதால், சோளகக் காலத்தில் தென்மேற்கு மூலையில் வைத்தால் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுவந்து கொட்டும். பெட்டி அடித்து முழுதாக மூட வேண்டாம். சூடேறி நிற்கும், புகை தேங்கினால் ஆளுக்கு ஆபத்து.

ஒட்சிசன் இயந்திரம். கட்டில் காலிலோ சுவரிலோ முட்டாமல் றப்பர் விரிப்பில் வையுங்கள். துணியால் மூடக் கூடாது, அது காற்றை உள்ளே இழுக்க வேண்டும்.

4. ரிவி

இதற்கு ஒரு தனித் தலைப்புக் கொடுக்கும் அளவுக்குச் சண்டை வரும் இடம் இது.

காது குறைந்தவர் பின்வரிசையில் இருக்கிறார், அவருக்காக முழு மண்டபமும் நாடகம் கேட்கிறது. அவரை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அதுவும் போதாவிட்டால் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து ரிவியின் சத்தத்தைப் பாதியாக்குங்கள். காது குறைந்தவருக்குப் பேச்சு விளங்க, அது சுற்றியுள்ள இரைச்சலைவிட 10 முதல் 15 டெசிபெல் வரை மேலே நிற்க வேண்டும். அதைக் காதருகில் கொடுத்தால் மற்றவர்களைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

யாரும் பார்க்காத நேரத்தில் ரிவி நிற்க வேண்டும். அதை யார் நிறுத்துவது என்று ஒரு ஆளின் பேரை எழுதி ஒட்டுங்கள். பேர் இல்லாவிட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பின்னேரம் ஆக ஆகப் பதற்றம் கூடுவதுண்டு. செய்தியில் வரும் சத்தமும் அழுகையும் பக்கத்து வீட்டில் நடப்பது போல அவர்களுக்குத் தோன்றலாம். பின்னேரம் 5 மணியிலிருந்து ரிவியை நிறுத்திப் பாட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

5. கதவு, யன்னல், வேலி

கதவின் கீழ் இடைவெளியைக் கவனியுங்கள். 90 சென்ரிமீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் உள்ள கதவின் கீழே 2 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் அது கதவின் பரப்பில் 1 வீதம். அந்த 1 வீதம் இருக்கும்வரை, முதிரைப் பலகையில் கதவு போட்டாலும் அது 20 டெசிபெலுக்கு மேல் மறிக்காது. புதுக் கதவுக்குக் காசு கட்டும் முன் கீழே றப்பர்ப் பட்டி அடித்துப் பாருங்கள். நிலையைச் சுற்றி ஒட்டும் மெல்லிய பட்டி, கதவு அடிபடும் சத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும். காற்றுக்கு அடிபடும் கதவுகளுக்கு மெதுவாக மூடும் கருவி பூட்டுங்கள். கதவடிதான் இரவின் முதல் எதிரி.

யன்னலை மூடச் சொல்ல நான் துணிய மாட்டேன். சித்திரை வெக்கையில் யன்னலை மூடி ஒருவரைப் படுக்க வைப்பது சத்தத்தைவிடப் பெரிய தொல்லை. ஓரளவு திறந்த யன்னல் வெளிச் சத்தத்தை ஏறக்குறைய 15 டெசிபெல் குறைக்கும், அவ்வளவுதான். அதனால் அறைகளை மாற்றுங்கள். வீதிப் பக்கம் களஞ்சிய அறையும் அலுவலகமும், பின்வளவுப் பக்கம் நித்திரை லேசானவர்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் பழகிய கட்டிலை விட்டு வர எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள். கேட்டு, சம்மதித்தவரை மட்டும் மாற்றுங்கள்.

கிடுகு வேலியும் பனை மட்டை வேலியும் பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. இரண்டு வரிசை மரம் வைத்தாலும் அப்படித்தான். இடைவெளியில்லாத மதில் மறிக்கும், அதுவும் வாகனத்துக்கும் படுத்திருப்பவரின் காதுக்கும் நடுவிலுள்ள நேர்கோட்டைவிட உயரமாக இருந்தால் மட்டும். மேல்மாடி அறைக்கு மதில் கட்டிப் பயனில்லை.

6. மண்டபத்தின் முழக்கம்

இப்போதுதான் ஸ்பொஞ் பற்றிக் கதைக்கலாம்.

சத்தத்தை மறிப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. மறிக்கப் பாரம் வேண்டும், இடைவெளி இருக்கக் கூடாது. உறிஞ்சக் காற்றுப் புகும் தடிப்பான பொருள் வேண்டும். இந்த இரண்டையும் குழப்புவதால்தான் வீதிச் சத்தத்துக்கு முட்டைத் தட்டு ஒட்டுகிறார்கள். முட்டைத் தட்டு மறிக்கவும் மாட்டாது, உருப்படியாக உறிஞ்சவும் மாட்டாது. ரெஜிபோமும் அப்படித்தான், அதன் துளைகள் மூடியவை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 9 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் கொண்ட சாப்பாட்டு மண்டபம். கனவளவு 162 கன மீற்றர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 198 சதுர மீற்றர். ரைல்ஸ், கொங்கிறீற், பெயின்ற் அடித்த சுவர் எல்லாம் தம்மேல் விழும் ஒலியில் 3 வீதமளவில்தான் உறிஞ்சும். ஆகவே உறிஞ்சற்பரப்பு 6 சதுர மீற்றர். சபைனின் சூத்திரப்படி முழக்க நேரம், அதாவது ஒலி 60 டெசிபெல் விழ எடுக்கும் நேரம், 0.161 பெருக்கல் கனவளவு வகுத்தல் உறிஞ்சற்பரப்பு. வெறும் மண்டபத்தில் 4.3 செக்கன் வரும். ஒரு சொல்லின் வால் அடுத்த பத்துச் சொல்லையும் மூடிவிடும்.

நாலு பெரிய யன்னலைத் திறந்தால் 6 சதுர மீற்றர் கூடும். வெளியே போன சத்தம் திரும்பி வராது. 15 பேர் இருந்தால் இன்னும் ஏறக்குறைய 6. மொத்தம் 18, நேரம் 1.5 செக்கனுக்குக் கிட்ட. வயதானவர்கள் மேசையில் இருந்து கதைக்க 0.7 செக்கன் அளவுக்குக் கொண்டுவந்தால் நல்லது. அதற்கு 37 சதுர மீற்றர் வேண்டும்; குறைவது 19, 20. தன்மேல் விழுவதில் 85 வீதத்தை உறிஞ்சும் 50 மில்லிமீற்றர் றொக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கியது) பலகை என்றால் 24 சதுர மீற்றர் போதும், கூரையில் பாதிகூட இல்லை. உங்கள் மண்டபத்தின் அளவை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள்.

நம் பக்கத்தில் றப்பர் கலந்த தும்பு மெத்தை சுலபமாகக் கிடைக்கும். றொக்வூலைவிடக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சும், பரப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். மரச் சட்டம் அடித்து, பின்னால் 5 சென்ரிமீற்றர் வெற்றிடம் விட்டுப் பூட்டினால் ஆண் குரலின் கீழ்ச் சுருதியும் ஓரளவு அடங்கும். மேலே பருத்தித் துணி போர்த்துங்கள், பழைய நூல் சேலை நன்றாகவே இருக்கும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்: மூச்சுப் போனால் சத்தமும் போகும். துடைக்க வசதி என்று றெக்சின் போர்த்தினால் செய்த வேலை பாதி வீண்.

கூரையில் தொடங்குங்கள். அங்கே கை படாது, சக்கர நாற்காலி இடிக்காது. இடம் போதாவிட்டால் எதிரெதிராக நிற்கும் சுவர்களில் ஒன்றில், இருப்பவரின் தலை மட்டத்துக்கு. வெறும் சுவர் இரண்டு நேருக்கு நேர் நின்றால் கைதட்டல் நடுவில் பந்து போல அடிபட்டுக்கொண்டே இருக்கும். பசை போட்டு ஒட்டாதீர்கள், ஆணி அல்லது திருகாணி போடுங்கள். நம் வெக்கையில் பசை இளகித் தலையில் விழும். மலிவான மஞ்சள் ஸ்பொஞ் தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும். தும்பும் எரியும்தான், அதனால் இரண்டையும் சாமியறை விளக்குக்கும் குசினிக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

புதிதாக மண்டபம் கட்டுபவர்களுக்கு ஒரு சொல்: பளபளக்கும் ரைல்ஸும் கண்ணாடியும் திறப்பு விழாப் படத்தில் வடிவாக இருக்கும். அந்தக் காசில் ஒரு பங்கைக் கூரையின் உட்பக்கத்துக்கு ஒதுக்கச் சொல்லி, காசு அனுப்புபவரிடம் முதலிலேயே கேளுங்கள். கட்டி முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

7. தகரக் கூரையும் மாரி மழையும்

மழைத்துளி தகரத்தில் அடிக்கும் சத்தத்தை அறைக்குள் உறிஞ்சிக் குறைப்பது கடினம். துளி விழும் இடத்திலேயே அடக்க வேண்டும். தகரத்தின் மேல் பனையோலை வேய்ந்தால் துளி ஓலையில் விழும், பகலில் வெக்கையும் குறையும். பாம்பும் எலியும் சேரும், தீயும் பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு தரம் மாற்ற ஆள் இல்லாவிட்டால் இதைத் தொடங்க வேண்டாம்.

8. இரவு

இரவு ஆட்கள் போனை அதிர்வில் வைக்க வேண்டும், செருப்பு றப்பர் அடியோடு இருக்க வேண்டும், ஒருவரோடு ஒருவர் கதைப்பதைக் கட்டில்களுக்குத் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விடுங்கள்.

ஒரு கட்டிலிலிருந்து "பிள்ளை! பிள்ளை!" என்று கூப்பிடும் குரலுக்கு முழு அறையும் எழும்பும். கம்பியில்லாத அழைப்பு மணியை அவர் கைக்கெட்டக் கட்டி, ஒலிக்கும் பகுதியை இரவு ஆளின் மேசையில் வையுங்கள். மணியை அமத்த மறந்துவிடுபவர்கள் இருப்பார்கள். அவர்களை இரவு ஆளுக்குக் கிட்டவுள்ள கட்டிலுக்கு மாற்றுவது மணியைவிட வேலை செய்யும்.

9. ஒலிபெருக்கி

திருவிழாவும் திருவெம்பாவையும் இல்லாத ஊரில் நாம் இல்லை, அதில் பாதிப் பாட்டை உள்ளே இருப்பவர்களும் விரும்பிக் கேட்பார்கள். பிரச்சினை இல்லத்தைப் பார்த்து நிற்கும் புனலும் நேரமும்தான். புனல் தான் பார்க்கும் திசையில்தான் சத்தத்தைக் கொட்டும். அதை வேறு பக்கம் திருப்பினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கொடியேற்றத்துக்கு முதல் கிழமையே கோயில் நிர்வாக சபையைப் போய்ப் பாருங்கள். திருவிழா தொடங்கிய பிறகு போனால் முறைப்பாடு மாதிரி இருக்கும், யாரும் இறங்கி வர மாட்டார்கள். "ஒலிபெருக்கியை நிப்பாட்டுங்கோ" என்று கேட்காதீர்கள். "எங்கட பக்கம் பாக்கிற புனலை மற்றப் பக்கம் திருப்பி விடுவியளோ ஐயா? படுக்கையிலை கிடக்கிறவை இருக்கினம்" என்று, செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். வெடி கொளுத்தும் நாளையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் ஒருவர் இருந்தால் பயம் குறையும். சொல்லாமல் வெடித்தால் அன்றிரவு நித்திரை போய்விடும்.

பேச்சில் முடியாவிட்டால் சட்டம் இருக்கிறது. ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பது பொலிஸ். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அந்த அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விசேட சமய நிகழ்வுகளுக்குக் கட்டுப்பாட்டோடு விலக்கு உண்டு. அயலோடு முகம் கொடுத்து வாழ வேண்டிய இல்லம் இதைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும்.

10. திரும்ப அளப்பதும் பராமரிப்பதும்

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அதே போனால், அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே கிழமையில் செய்தால் எது உதவியது என்று தெரியாமல் போகும். அடுத்த தரம் காசு வரும்போது எதற்குச் செலவழிப்பது என்பதும் தெரியாது. 10 டெசிபெல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும், 3 குறைந்தால் கவனித்தால்தான் தெரியும். இரண்டாம் பிரிவில் அலுமாரிக்குள் வைத்த காதுக் கருவிகளை இப்போது வெளியே எடுத்து, முதலில் சாப்பாடு இல்லாத அமைதியான நேரத்தில் அரைமணி போட்டுப் பழக விடுங்கள்.

தும்புப் பலகைக்கு ஈரமும் கறையானும்தான் எதிரி. வாடைக்கால மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் ஒவ்வொன்றையும் கழற்றி, பின்பக்கத்தில் பூஞ்சணம் இருக்கிறதா என்று மணந்து பாருங்கள். துணியைத் துவைத்து, தும்பை இரண்டு நாள் வெயிலில் போட்டுத் திரும்பப் பூட்டுங்கள். கதிரைக்கால் றப்பர் தேய்ந்து இரும்பு வெளியே வந்தால் அதன் சத்தம் முன்னைவிட மோசமாக இருக்கும்; பத்துப் பதினைந்து உபரியாக வாங்கி அலுவலக லாச்சிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.